எல்லாத் தப்பும் அக்காவுடையது

கரண்ட் போனால் அக்காதான் காரணம். நாங்கள் சொன்னதில்லை, அவளே சொல்வாள். என் ஐஸ் ஆலையில் கம்ப்ரஸர் இரைச்சல் சட்டென்று நிற்கும். ஆட்கள் எல்லாரும் தலையைத் தூக்குவார்கள். ஆலைச் சமையல்கட்டு வாசலில் அக்கா கரண்டியோடு வந்து நிற்பாள். இப்போதுதான் மனசுக்குள் நினைத்தாளாம், இன்றைக்குக் கரண்ட் ஒழுங்காக நிற்கிறதே என்று. அவள் கண்தான் பட்டுவிட்டதாம். “கரண்டு ஆபீசுல உன்னைத்தான் தேடிக்கிட்டிருக்காங்க அக்கா, ஓடிடு” என்று எவனாவது குரல் கொடுப்பான். அவள் சிரிக்க மாட்டாள். நிஜமாகவே யாரோ தேடி வருவதுபோல ஆலை கேட் பக்கம் பார்ப்பாள்.

குழம்பில் உப்பு கூடினால் அவள் தப்பு. சரி, அது நியாயம். கடலில் மீன் படவில்லை என்றாலும் அவள் தப்பு. படகு கிளம்புகிற நேரத்தில் தாலி இல்லாத கழுத்தோடு குறுக்கே போய்விட்டாளாம். எங்கள் ஆட்களே மறந்துகொண்டிருக்கிற சங்கதி அது. மாதா கோயிலுக்குப் போகிற இவள் அதை மறக்கவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் அடுத்தவன் ஆலை ஐஸை வண்டியில் வைத்துத் தள்ளித்தான் பிழைப்பைத் தொடங்கினேன். இன்றைக்கு அந்த ஆலையே என்னுடையது. எவனிடமும் ஒரு டீ ஓசியில் குடித்ததில்லை. என்னைக் கேட்காமல் இந்தத் துறைமுகத்தில் ஐஸ் உருகாது என்று பேசிக்கொள்வார்கள். பேசிக்கொள்வது என்ன, நானே சொல்வேன்.

நான் வண்டி தள்ளிய காலத்திலேயே அக்கா அந்த ஆலை ஆட்களுக்குச் சோறு பொங்கிக்கொண்டிருந்தாள். அதனால்தான் நான் முதலாளி ஆன பிறகும் அவளுக்குத் தம்பி. எனக்கும் மற்ற எல்லாருக்கும் அவள் அக்கா. சொந்தம் ஒன்றும் கிடையாது. புருஷன் செத்து, பிள்ளையும் இல்லாமல், கோயிலுக்குப் பின்னால் ஒரு அறையில் தனியாக இருந்தாள். சனிக்கிழமை சாயங்காலமானால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்விடுவாள். சாமியார் பக்கத்தில் மண்டியிட்டு, செய்த பாவத்தையெல்லாம் சொல்ல வேண்டும். அவர் மன்னிப்புக் கொடுத்து, இன்ன செபத்தைச் சொல்லு என்று ஒரு அபராதமும் கொடுப்பார். வாராவாரம் போய்ச் சொல்ல உனக்கு என்ன பாவம் இருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன்.

“தின்னேனே தம்பி” என்றாள்.

அவள் தின்றதை நான் பார்த்திருக்கிறேன். ஆட்கள் எல்லாரும் எழுந்த பிறகு, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டே, பானை அடிச்சோற்றில் குழம்பு வண்டலை ஊற்றிப் பிசைந்து இரண்டு வாய். காய் இருக்காது. காயெல்லாம் ஆட்களுக்குப் போயிருக்கும். மீன் இருந்தால் தலை. உட்கார்ந்து சாப்பிடு என்றால், உட்கார்ந்தால் ஜாஸ்தி இறங்கிவிடும் என்பாள். இப்படித் தின்றவளுக்குத்தான் சர்க்கரை வந்தது. வந்ததும் அவள் ஆச்சரியப்படவில்லை. தீர்ப்பு வந்துவிட்டது என்கிற முகத்தோடு சீட்டை வாங்கி மடித்துக்கொண்டாள். எப்போதோ பண்ருட்டியிலிருந்து என் சம்பந்தி அனுப்பிய பலாப்பழத்தில் கேட்காமல் ஒரு சுளை எடுத்தாளாம். அதுதான் காரணமாம். அந்தப் பலாச்சுளையை எத்தனை சாமியார்களிடம் சொல்லி எத்தனை தடவை மன்னிப்பு வாங்கினாளோ, எனக்குத் தெரியாது.

நாங்களும் விடவில்லை. சர்க்கரைக்காரர்களைப் பார்த்தால் ஊரே போலீஸ் ஆகிவிடும் இல்லையா? “வாயைக் கட்டு அக்கா” என்று டிரைவர் சொல்வான், லோடு ஏற்றுகிறவன் சொல்வான், நான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொல்வேன். கட்டுவதற்கு அந்த வாயில் என்ன இருந்தது என்று யாரும் யோசிக்கவில்லை. அவளும் தலையாட்டிவிட்டு இரண்டு வாயை ஒன்றரை ஆக்கிக்கொள்வாள்.

ஆலைக்கு நான் முதலாளி மட்டும் அல்ல, டாக்டரும் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, என் மேசை டிராயரைத் திறந்தால் பாதி மருந்துக்கடை இருக்கும். வயிற்றால் போகிறதா, இந்தா கேப்ஸ்யூல். காய்ச்சலா, இந்தா அதே கேப்ஸ்யூல். கிருமியைக் கொல்லுகிற மாத்திரை என்று மருந்துக்கடைத் தம்பி சொல்லியிருந்தான். கொல்லுகிறது என்றால் எனக்குப் போதும். என் ஆலையில் வயிற்று வலி என்று லீவு போட்டவன் கிடையாது. அக்காவுக்கும் அந்த டிராயர்தான் ஆஸ்பத்திரி. அடிக்கடி அவளுக்கு வயிறு கெட்டுப்போகும். வாசலில் வந்து நின்று முந்தானையைத் திருகுவாள், நான் எடுத்துக் கொடுப்பேன். ஒன்று போதும் என்பாள். நாலாகப் போடு, அடியோடு போகட்டும் என்பேன்.

அப்புறம் அந்தக் கெளுத்தி முள்.

துறைமுகத்தில் கெளுத்தி மீன் முள் குத்தினால் ஆம்பிளையே அழுதுவிடுவான். அக்காவின் வலது காலில் கட்டைவிரலுக்குக் கீழே முள் ஏறி, ஒடிந்து, உள்ளேயே இருந்தது. அவளுக்குத் தெரியவில்லை. சமையல்கட்டுத் தரையில் அவள் நடந்த இடமெல்லாம் ஈரமாகத் தடம் விழுவதைப் பார்த்து ஒரு ஆள்தான் சொன்னான். காலைத் தூக்கிப் பார்த்தால் சீழ். “வலிக்கலியா?” என்று கேட்டேன். வலிக்காமல் போனதற்கும் மன்னிப்புக் கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். நான் டிராயரைத் திறந்தேன். புண் ஆறுவது போல ஆறி மறுபடி திறந்தது. மஞ்சக்குப்பத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். விரல் போய்விட்டது, எடுத்துத்தான் ஆக வேண்டும், சர்க்கரை இப்படியே இருந்தால் பாதமும் நிற்காது என்றார்.

பாதம் போனால் அக்கா எங்கே நிற்பாள்? நின்றுதானே அவள் பிழைப்பு. பெரிய சோற்று அண்டாவை உட்கார்ந்துகொண்டு வடிக்க முடியாது. அன்றைக்கு அவள் அழவில்லை. “பலாச்சுளை” என்று மட்டும் சொன்னாள்.

ஒரு டாக்டர் சொன்னதை அப்படியே நம்புகிற ஆள் நான் இல்லை. சிதம்பரம் மேல வீதியில் ஒரு டாக்டரம்மா சர்க்கரைக்கென்றே பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு, என் காரிலேயே கூட்டிப்போனேன். சின்ன வயசுதான் அந்த டாக்டரம்மாவுக்கு. புண்ணைப் பார்த்தார், சீட்டுகளைப் பார்த்தார், அப்புறம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தினமும் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். அக்கா குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோல எல்லாவற்றையும் சொன்னாள். பலாச்சுளையையும் சொன்னாள்.

டாக்டரம்மா சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். பிறகு அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். நம் குடலுக்குள் கோடிக்கணக்கில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் குடியிருக்கின்றனவாம். எல்லாம் கெட்டவை அல்லவாம். காயிலும் பயறிலும் இருக்கிற நாரை நம்மால் செரிக்க முடியாது, அவை தின்னும். தின்றுவிட்டு ஒருவிதப் புளிப்பான சரக்கை வெளியே விடும். அது குடல் சுவரைக் கெட்டியாக வைத்து, ரத்தத்தில் சர்க்கரை அடங்கவும் உதவலாமாம். நார் கிடைக்காமல் பட்டினி கிடந்தால் அவற்றில் சில குடலின் மேல்பூச்சையே அரிக்குமாம். அப்போது வேண்டாத கசடு ரத்தத்தில் கசிந்து, உடம்பு உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருக்கும், இன்சுலின் சொன்ன பேச்சை உடம்பு கேட்காமல் போகலாம். எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஐஸ் உறைகிற தகரக் கேனில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் போதும், சுற்றியிருக்கிற உப்புத்தண்ணீர் உள்ளே கசிந்து முழுக் கட்டியும் கெட்டுப்போகும். அதைத்தான் சொல்கிறார்.

ஆனால் ஒரு பேச்சுக்கு ஒரு ‘லாம்’ போட்டார். உதவலாம், கசியலாம், இருக்கலாம். எனக்கு ஆகாத வார்த்தை அது. நாளைக்கு ஐஸ் தரேன் என்றால் தர வேண்டும். தரலாம் என்று சொல்லியிருந்தால் இந்தத் துறைமுகம் என்றைக்கோ நாறியிருக்கும்.

“ஆன்டிபயாடிக் அடிக்கடி எடுத்திருக்கீங்களா?” என்று டாக்டரம்மா கேட்டார். கண்டபடி அதைப் போட்டால் கெட்டதோடு நல்லதும் சேர்ந்து சாகும் என்றார்.

“நான்தாம்மா வாங்கித் தின்னேன்” என்றாள் அக்கா, கேள்வி முடிவதற்குள்.

“பொய் சொல்றாங்க. நான் குடுத்தது” என்றேன். எதையும் மறைத்துப் பிழைத்தவன் இல்லை நான்.

“நீ கையில குடுத்த தம்பி. முழுங்குனது யாரு? என் தொண்டைதானே?”

“நாலு போடுன்னு சொன்னது யாரு?”

“சொன்னா? எனக்கு அறிவு எங்க போச்சு?”

டாக்டரம்மாவுக்கு இந்தத் தடவை சிரிப்பு வந்துவிட்டது. “ரெண்டு பேரும் எதுக்கு அடிச்சிக்கிறீங்க? அதனாலதான் சர்க்கரை ஏறிச்சுன்னு நான் சொல்லவே இல்லையே.”

“அப்ப அதனால இல்லைன்னு சொல்லுங்க” என்றேன்.

“அதையும் சொல்ல முடியாதுங்க ஐயா. இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பரம்பரை இருக்கு, வயசு இருக்கு, இத்தனை வருஷச் சாப்பாடு இருக்கு. இதுல யாரு தப்பு எவ்ளோன்னு பிரிச்சுச் சொல்ற அளவுக்கு இன்னும் யாருக்கும் தெரியாது.”

புதுச்சத்திரம் தாண்டி வரும்வரை டாக்டரம்மா சொன்னதையே காரில் மனசுக்குள் புரட்டிக்கொண்டு வந்தேன். உன்னால்தான் என்று அந்தப் பெண் என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். உன்னால் இல்லை என்றிருந்தால் தூங்கியிருப்பேன். இரண்டும் இல்லாமல் அந்த ‘லாம்’ என் நெஞ்சில் முள்ளாக ஒடிந்து நின்றுவிட்டது. இன்றைக்கும் அது வெளியே வரவில்லை.

அக்காவின் கவலை வேறு. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தவள் திடீரென்று, “அவ்ளோ பேரா தம்பி?” என்றாள். யார் என்று கேட்டேன். “உள்ள இருக்கறதுங்க. அவ்ளோ பேரையும் பட்டினி போட்டுட்டுத்தான் நான் ஒருசந்தி இருந்தேன், விரதம் இருந்தேன்னு பெருமை பேசிக்கிட்டிருந்தேனா?”

மறுநாள் ஆலையில் ஒரு அதிசயம் நடந்தது. அக்கா உட்கார்ந்து சாப்பிட்டாள். தட்டில் கைப்பிடிச் சோறு, அதைச் சுற்றி அவரைக்காய், கீரைத்தண்டு, வேகவைத்த தட்டைப்பயறு. ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். “என்னா அக்கா, விருந்தா?” என்று கேட்டதற்கு, “எனக்கா? எனக்கு எதுக்கு? அதுங்களுக்கு” என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். தனக்கென்று ஒரு பிடி அள்ளக் கூசியவள், அடுத்தவருக்கு என்றதும் கை தாராளமாகிவிட்டது. காய் வாங்குகிற இடத்தில் அந்தக் காய் வேண்டாம், இந்தக் காயில்தான் நார் இருக்கும் என்று அதட்டிப் பேசினாள். அவள் அதட்டி நான் கேட்டது அப்போதுதான். மாத்திரையை நிறுத்தக்கூடாது, ஊசியும் போட்டாக வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், அதையும் விடவில்லை. அதுங்க மட்டும் தனியாக எவ்வளவுதான் உழைக்கும் என்பாள்.

சாம்பல் புதன் வந்தது. அன்றைக்கு மாதா கோயில்காரர்கள் ஒருசந்தி இருக்க வேண்டும், அதாவது ஒரே வேளைச் சாப்பாடு. அக்காவுக்குக் குழப்பம். கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் கேட்டிருக்கிறாள். நோயாளிக்கு ஒருசந்தி கட்டாயமில்லை, நீ சாப்பிடலாம் என்று அவர் சொன்னாராம். “எனக்குக் கட்டாயமில்லைன்னாலும் நான் இருந்துக்குவேன் சாமி. ஆனா அதுங்க எல்லாம் ஞானஸ்நானம் வாங்காததுங்க. அதுங்களை எப்படி நான் ஒருசந்தி இருக்க வைக்கறது?” என்று இவள் கேட்டாளாம். சாமியார் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். எதுங்க என்று அவருக்குப் புரியவைக்கவே வெகுநேரம் ஆனதாம். கடைசியில், பசித்தவருக்குச் சோறு போடுவதும் தவம்தான், போய்ச் சாப்பிடு என்று அனுப்பினார். அன்றைக்கு அவரைக்காயை உப்பில்லாமல் வேகவைத்துத் தின்றாள். அதுங்களுக்கு வேண்டியது நார்தானே, உப்பு எனக்குத்தானே, என் பங்கை நான் விட்டுக்கொடுத்தேன் என்றாள்.

விரல் போனது. பாதம் நின்றது. சர்க்கரை மெல்லமாக இறங்கி, புண்ணும் மூடியது. ஊசியாலா, மாத்திரையாலா, அவரைக்காயாலா என்று சிதம்பரத்தில் கேட்டேன். எல்லாம் சேர்ந்து இருக்கலாம் என்றார் அந்த டாக்டரம்மா. கேட்டது என் தப்பு. விரல் போனதற்கு அக்கா தானே காரணம் என்றாள், பாதம் பிழைத்ததற்கு அதுங்கதான் காரணம் என்றாள். நல்லதில் அவளுக்கு என்றைக்குமே பங்கு கிடையாது.

எனக்குத்தான் ஆறவில்லை. டிராயரைக் காலி செய்தேன், மருந்துக்கடைப் பக்கம் போவதை நிறுத்தினேன். அவள் கட்டைவிரல் இல்லாத பாதத்தைச் சாய்த்துச் சாய்த்து வைத்துச் சமையல்கட்டில் நடக்கிற சத்தம் என் மேசைவரை கேட்கும். ஒரு மத்தியானம், படகெல்லாம் கரையில் கிடக்கிற தடைக்காலம், ஆலையில் ஆள் இல்லை. அக்கா வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். உரித்த நாரைத் தூக்கிப் போட மனசு வராமல் பக்கத்தில் குவித்து வைத்திருந்தாள். நான் போய் எதிரில் உட்கார்ந்தேன். அக்கா, அந்த மாத்திரை விஷயம், என்று தொடங்கினேன்.

“அது முடிஞ்சிபோச்சு தம்பி” என்றாள். “நான் சொல்லிட்டேன்.”

“யாருகிட்ட?”

“சாமிகிட்ட. பாவசங்கீர்த்தனத்துல. கண்ட மாத்திரையைத் தின்னு, உள்ள இருக்கற ஜீவனுங்களைச் சாவடிச்சேன்னு சொன்னேன். மன்னிப்பு குடுத்துட்டாரு. அபராதமும் முடிச்சிட்டேன், முட்டி போட்டு.”

“அந்தக் காலோடயா?”

“கால் கீழதானே இருக்குது. முட்டி நல்லாத்தான் இருக்குது.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்தத் துறைமுகத்தில் என் பொருளை என்னைக் கேட்காமல் தொட்டவன் கிடையாது. “அது என்னோடது அக்கா. நான் குடுத்த மாத்திரை, நான் செஞ்ச தப்பு. அதை எடுத்துக்கிட்டுப் போயி உன் பேர்ல சொல்றதுக்கு நீ யாரு?”

அவள் ஒரு அவரைக்காயை முழுசாக உரித்து முடித்தாள்.

“கேட்டா குடுத்திருப்பியா?” என்றாள்.

சண்டை போட்டிருப்பேன், சிதம்பரத்தில் போட்டது போல. ஆனால் மண்டியிட்டிருப்பேனா? எவன் முன்னாலும் மண்டியிடாதவன் என்பதுதானே என் பெருமை. நான் எழுந்து போய்ப் ஓடாமல் கிடக்கிற கம்ப்ரஸரைப் பார்க்கிற சாக்கில் நின்றுகொண்டேன். பின்னால் அவள் காய் உடைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அக்கா போன மழைக்காலத்தில் இறந்தாள். சர்க்கரையால் அல்ல, மாரடைப்பு என்றார்கள். காலைப் பூசைக்குப் போன இடத்தில், இரண்டு காலில் நடந்து போன இடத்தில். கல்லறையில், பாவம் ஒண்டிக்கட்டை, ஒண்டியாவே போச்சு என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவு பேரையும் கூட்டிக்கொண்டுதான் போகிறாள் என்று சொன்னால் யாருக்குப் புரியும்? கடைசி நேரத்தில்கூட, ‘அதுங்களையும் சாவடிக்கறேனே’ என்று நினைத்திருப்பாள். அதற்கு மன்னிப்பு வாங்க நேரம் கிடைத்திருக்காது.

எனக்கும் இப்போது சர்க்கரை வந்துவிட்டது. அதே சிதம்பரம், அதே டாக்டரம்மா, அதே ‘லாம்’. அவரைக்காய் தின்கிறேன், பயறு தின்கிறேன், மாத்திரை போடுகிறேன். துறைமுகத்தில் உட்கார்ந்து, எல்லாம் என் கையால் சம்பாதித்தது, ஓசியில் எதுவும் வாங்கியதில்லை என்று பழைய பாட்டைப் பாடுவேன். சொல்லி முடிக்கும்போதெல்லாம், எனக்காக வேறொருத்தி முட்டி போட்டு வாங்கி வைத்துவிட்டுப் போன மன்னிப்பு நினைவுக்கு வரும். திருப்பிக் கொடுக்க முடியாத சரக்கு.

சென்ற வாரம் கரண்ட் போனது. ஜெனரேட்டரும் எடுக்கவில்லை. அதற்கு டீசல் பிடிக்கச் சொல்லி நான்தான் ஆளிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. கம்ப்ரஸர் நின்றதும் ஆட்கள் தலையைத் தூக்கினார்கள். பிறகு, பழக்க தோஷம், எல்லாரும் சமையல்கட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே யாரும் இல்லை.

நானும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.